வீட்டுப் பொருளைக் கணினியில் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் நான் உதவிக்குப் போகும் வடிவமைப்பு வகுப்பில் முதல் தவணைக்கு ஒரே ஒரு ஒப்படைதான். உங்களுக்கு நெருக்கமான, வீட்டில் அன்றாடம் புழங்கும் ஒரு பொருளை எடுத்து, அதன் உண்மையான அளவில் கணினியில் முப்பரிமாண மாதிரியாகச் செய்து, ஒரு பக்கக் குறிப்போடு கொடுக்க வேண்டும். ஆறு கிழமை அவகாசம்.

நானும் இதே வகுப்பில் படித்தவள்தான். அம்மம்மாவின் மூக்குப்பேணியைச் செய்தேன். வாய் வைக்காமல் அண்ணாந்து குடிக்க ஒரு பக்கம் சின்ன மூக்கு வைத்த பித்தளைப் பேணி. இப்போது சனிக்கிழமைகளில் ஒரே சந்தேகத்தை ஐந்து பேர் ஐந்து விதமாகக் கேட்கிறார்கள், இரவில் வாட்ஸ்அப்பிலும் அதே கேள்வி வருகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். உதாரணத்துக்கு அடிக்கடி என் பேணிதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, எங்கட வீட்டில விசேஷமா ஒண்டும் இல்லையே. எதை எடுக்கிறது?

விசேஷமானது வேண்டாம். 'நெருக்கமான' என்று போட்டதும் எல்லோரும் அலுமாரிக்குள் இருக்கும் வெள்ளிச் செம்பைத் தேடுகிறார்கள். குசினிக்குப் போங்கள். எது காணாமல் போனால் வீட்டில் ஒருவர் அன்று முழுக்கப் புறுபுறுப்பாரோ, அதை எடுங்கள். துருவலை, பாக்குவெட்டி, அரிக்கன் லாம்பு, இடியப்ப உரல், சைக்கிள் டைனமோ எல்லாம் இதுவரை வந்திருக்கின்றன. போன வருடம் ஒருவர் வீட்டு வாசல் படலையின் கொளுக்கியைச் செய்தார். அந்த அணியில் எனக்குப் பிடித்தது அதுதான்.

நல்லூர்க் கோபுரத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு அணியிலும் இரண்டு பேராவது அதைக் கேட்பார்கள். அது அன்றாடப் பொருளும் இல்லை, ஆறு கிழமையில் முடியப்போவதும் இல்லை. பொருள் உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருப்பதும் முக்கியம். அது கையில் இல்லாதவர்களுக்குக் கீழே தனிக் கேள்வி உண்டு.

என்ர போனைச் செய்யட்டோ? அதுதான் எனக்கு நெருக்கம்.

செய்யலாம், தடையில்லை. ஆனால் அதே போனின் மாதிரிகள் இணையத்தில் எத்தனையோ கிடக்கின்றன. உங்கள் போனின் வெடித்த மூலையும் மஞ்சளாகிப்போன கவரும் சேர்ந்து வரும் என்றால் மட்டும் எடுங்கள்.

ஒரு பேணியைப் போய் கணினியில செய்யிறதோ? ஆக்கள் சிரிக்க மாட்டினமோ?

கணினி வரைகலையில் மிகவும் பெயர்பெற்ற மாதிரியே ஒரு தேநீர்க் கேத்தல்தான். 1975இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்பவர் தன் ஆய்வுக்கு வளைவுகள் உள்ள ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். வீட்டில் தேநீர் குடிக்க உட்கார்ந்தபோது, இந்தத் தேநீர்ச் சாமான்களையே செய்து பார்க்கலாமே என்று மனைவி சான்ட்ரா சொன்னார். முன்னால் இருந்த மெலிட்டா நிறுவனத்தின் கேத்தலை வரைபுத்தாளில் பென்சிலால் கீறிக்கொண்டு போய்க் கணினியில் ஏற்றினார் நியூவெல். அந்தக் கேத்தல் இப்போது கலிபோர்னியாவில் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 3டிஎஸ் மாக்ஸ் மென்பொருளில் கோளத்துக்கும் கனசதுரத்துக்கும் பக்கத்திலேயே அதற்கும் ஒரு பொத்தான் உண்டு.

அதன் முதல் மாதிரிக்கு அடிப்பக்கமே இல்லை. மேசையில் இருக்கும் கேத்தலின் அடியை யார் பார்க்கப்போகிறார்கள்? உயரமும் உண்மையான கேத்தலைவிடக் குறைவு. இடையில் குறுக்கப்பட்டு, அந்தக் குறுகிய வடிவமே எங்கும் பரவிவிட்டது. நியூவெலுக்கு யாரும் புள்ளி குறைக்கவில்லை. உங்களுக்குக் குறைப்போம். அடியும் வேண்டும், உயரமும் சரியாக வேண்டும்.

எந்த மென்பொருளில செய்யிறது? காசு கட்ட வேணுமோ?

பிளெண்டர். காசு வேண்டாம். நெதர்லாந்தில் ஒரு அசைவூட்ட நிறுவனத்தின் சொந்தத் தேவைக்காக உருவான மென்பொருள் அது. 2002இல் பயனர்களிடம் ஒரு லட்சம் யூரோ திரட்டி மூலநிரலைத் திறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து யாரும் இலவசமாக எடுக்கலாம்.

முப்பரிமாணத்தையே முதல்முறை தொடுபவர்கள் ஒரு கிழமை டிங்கர்காட்டில் விளையாடிவிட்டு வாருங்கள். அது உலாவியிலேயே ஓடும், இணையம் மட்டும் வேண்டும். பாக்குவெட்டி போல அச்சும் ஆணியும் அளவு பிசகாமல் பொருந்த வேண்டிய பொருளுக்கு ஃப்ரீகாட் நல்லது, அதுவும் இலவசம். மற்றவர்கள் பிளெண்டரோடு இருங்கள், அப்போதுதான் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கலாம்.

என்ர லப்டொப் பழசு. பிளெண்டர் திறக்குதே இல்லை.

பிளெண்டர் 4.0இல் இருந்து ஓபன்ஜிஎல் 4.3 என்ற வரைகலை வசதி தேவை. பழைய லப்டொப்பில் அது இருக்காது. 3.6 பதிப்பை இறக்கிப் பாருங்கள், எங்கள் ஒப்படைக்கு அது தாராளம். எண் விசைப்பலகை இல்லாத லப்டொப் என்றால் பிரிஃபரன்சஸில் இன்புட் பகுதிக்குப் போய் எமுலேட் நம்பாட் என்பதைப் போட்டுவிடுங்கள், மேலே இருக்கும் எண்களால் கோணம் மாற்றலாம். சக்கரம் வைத்த ஒரு மவுஸ் வாங்குங்கள். டச்பாட்டில் இந்த வேலையைச் செய்வது பாவம்.

எனக்கு கீறவே வராது. நான் இந்த ஒப்படையில பெயில் தானே?

கீறுவது கொஞ்சம், அளப்பதுதான் அதிகம். என்னோடு படித்ததில் மிக நன்றாகக் கீறுபவர் முதல் தடவை செய்த அரிக்கன் லாம்பு, அவர் மனத்தில் இருந்த லாம்பு. பார்க்க வடிவாக இருந்தது, வீட்டில் இருந்ததைப் போல் இல்லை. அவரை அளந்துகொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

எப்பிடி அளக்கிறது? என்னட்ட அடிமட்டம் மட்டும்தான் இருக்கு.

அடிமட்டம், ஒரு துண்டு நூல், ஒரு ஈர்க்கு. இவ்வளவும் போதும். உருண்டையான பொருளின் விட்டத்தை அடிமட்டத்தால் நேராக அளக்க முடியாது, எங்கே நடு என்று கண் ஏமாற்றும். நூலைச் சுற்றி, சுற்றளவை அளந்து, 3.14ஆல் பிரியுங்கள். என் பேணியின் வயிற்றில் நூல் 258 மி.மீ. வந்தது, விட்டம் 82. வாயில் 198, விட்டம் 63. வாயிலிருந்து அடிவரை 10 மி.மீ.க்கு ஒரு தடவை நூல் சுற்றிக் குறித்துக்கொண்டால் பேணியின் பக்கத்தோற்றமே எண்களாக உங்கள் கொப்பியில் வந்துவிடும். பேணியை வரைபுத்தாளில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு மூலைமட்டத்தைச் செங்குத்தாக வைத்தால் உயரம் சரியாகத் தெரியும். என்னுடையது 95.

உள் ஆழத்துக்கு ஈர்க்கை உள்ளே விட்டு, வாய்மட்டத்தில் நகத்தால் பிடித்து எடுத்து அளங்கள். வெளி உயரத்தில் இருந்து அதைக் கழித்தால் அடியின் தடிப்பு. இதில் எனக்கு 4 மி.மீ. வந்தபோதுதான் பேணிக்கு அடிவளையம் இருப்பதே உறைத்தது. இருபது வருடம் அதில் தண்ணீர் குடித்திருக்கிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை. விளிம்புத் தடிப்புக்கு மட்டும் வேணியர் இடுக்கிமானி வேண்டும். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த யாரிடமாவது இருக்கும், இல்லாவிட்டால் வகுப்பில் இரண்டு வைத்திருக்கிறோம்.

அளந்தது சரியா என்று பார்க்க ஒரு வழி. பேணியைத் தண்ணீரால் நிரப்பி, அந்தத் தண்ணீரை மருந்துப் போத்தல் மூடியாலோ அளவுக் குவளையாலோ அளங்கள். ஒரு மி.லி. என்றால் ஒரு கன சென்ரிமீற்றர். மாதிரியின் உள்வெளியை மூடிய திண்மமாகச் செய்து, பிளெண்டரின் 3டி பிரிண்ட் டூல்பொக்ஸ் துணைக்கருவியில் கனவளவு பார்த்து ஒப்பிடுங்கள். கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால் நிம்மதியாகப் படுக்கலாம்.

போட்டோ எடுத்து அதுக்கு மேலயே கீறினனான். அளவு பொருந்துதில்லை.

கிட்ட நின்று எடுத்திருப்பீர்கள். போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் முன்னால் இருப்பது பெருக்கும், பின்னால் இருப்பது சுருங்கும், பேணியின் வாய் முட்டை வடிவில் தெரியும். இரண்டு மூன்று மீற்றர் தள்ளி நின்று, போனைப் பேணியின் நடு உயரத்துக்குத் தாழ்த்தி, சூம் பண்ணி எடுங்கள். பக்கத்தில் அடிமட்டத்தை நிறுத்தி வையுங்கள், பிளெண்டரில் படத்தின் அளவைச் சரிசெய்ய அது உதவும். அப்படியும் படமும் எண்ணும் முட்டிக்கொண்டால் எண்ணை நம்புங்கள்.

95 எண்டு அடிச்சனான், பேணி எங்கயோ போயிட்டுது.

95 மீற்றர் உயரப் பேணி. வருடம் ஒன்றாவது பிறக்கும். பிளெண்டர் மீற்றரில் தொடங்கும், முதல் வேலையாக சீன் பகுதியில் யூனிட்ஸுக்குப் போய் நீளத்தை மில்லிமீற்றருக்கு மாற்றுங்கள். பிறகு கிட்டப் போனால் பொருள் வெட்டுப்பட்டுத் தெரியும். வியூ பகுதியில் கிளிப் ஸ்டார்ட் எண்ணைக் குறையுங்கள், சரியாகிவிடும்.

உடம்பு வந்திட்டுது. மூக்கை எப்பிடி ஒட்டுறது?

இதுதான் எல்லோரும் சிக்கும் இடம். உடம்பு சுகம். அளந்த எண்களை வைத்து அரைப் பக்கத்தோற்றத்தைக் கோடாக இழுத்து, ஸ்க்ரூ என்ற மொடிபயரால் (வடிவை மாற்றும் கருவி) சுற்றிவிட்டால் குயவர் சக்கரத்தில் வந்ததுபோல் வந்துவிடும். மூக்கு சுற்றி வராது, ஒரு பக்கத்தில் முளைக்கும்.

ஸ்க்ரூவில் 32 படி கொடுங்கள். 258 மி.மீ. சுற்றளவை 32ஆல் பிரித்தால் ஒரு கட்டம் ஏறக்குறைய 8 மி.மீ. அகலம். மூக்கு வரும் இடத்தில் கட்டங்களின் உயரத்தையும் 8 ஆக்கிவிட்டு, மொடிபயரை அப்ளை பண்ணி (மாற்றத்தை நிரந்தரமாக்கி), அகலத்தில் இரண்டும் உயரத்தில் இரண்டுமாக நான்கு கட்டத்தை அழியுங்கள். 16 மி.மீ. ஓட்டை, சுற்றிவர எட்டுப் புள்ளி. மூக்கையும் எட்டுப் புள்ளி வட்டத்தில் தொடங்கி நீட்டிக்கொண்டு போய், இரண்டு விளிம்பையும் தெரிவுசெய்து, பிரிட்ஜ் எட்ஜ் லூப்ஸ் கொடுத்தால் பொருந்திவிடும். மற்றவர்களுக்கு எண் மாறும், ஆனால் இரண்டு பக்கமும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும்.

அதற்கு முன் உங்கள் பேணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பேணியில் மூக்கு தனியாகச் செய்து பற்றவைத்தது, பற்று வரி நகத்தில் தட்டுப்படும். அப்படியானால் மாதிரியிலும் மூக்கைத் தனித்துண்டாகச் செய்து உடம்புக்குள் கொஞ்சம் செருகிவிடலாம், சந்தில் மெல்லிய வரம்பு ஒன்று வைத்தால் முடிந்தது. செய்தவர் எப்படிச் செய்தாரோ அதே வழியில் போனால் பாதிச் சிக்கல் வராது.

சுவர் தடிப்பு 1.5 எண்டு போட்டனான். பார்த்தா 5 மாதிரி நிக்குது. அங்கங்க கறுப்பாயும் தெரியுது.

இரண்டும் வேறு வேறு வருத்தம். சுவருக்குத் தடிப்புக் கொடுக்கும் சொலிடிஃபை மொடிபயர் பிழைப்பது, பொருளை இழுத்துப் பெருப்பித்துவிட்டு அளவை அப்ளை பண்ணாததால். கன்ட்ரோலோடு A விசையை அழுத்தி, ஸ்கேல் கொடுங்கள். கறுப்பு, சில முகங்கள் உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பதால். ஃபேஸ் ஓரியன்டேஷனைப் போட்டுப் பாருங்கள், சிவப்பாகத் தெரிபவை திரும்பி நிற்கின்றன. எல்லாவற்றையும் தெரிவுசெய்து ஷிஃப்டோடு N விசையை அழுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

வடிவை மழமழப்பாக்கும் சப்டிவிஷனைப் போட்டதும் விளிம்பு சவர்க்காரம் மாதிரிக் கரைந்தால், விளிம்புக்குக் கிட்ட இரண்டு பக்கமும் ஒவ்வொரு லூப் (சுற்றிவரும் கோடு) வெட்டுங்கள். கத்தி மாதிரிக் கூராகவும் விடாதீர்கள். தேய்த்துத் தேய்த்துப் புழங்கிய பொருளில் கூர் விளிம்பு இராது.

என்ர பேணி ஒரு பக்கம் நெளிஞ்சு போச்சு. நிமித்திச் செய்யட்டோ?

வேண்டாம். நானும் முதலில் நிமிர்த்தித்தான் செய்தேன். எங்கள் பேணியின் வயிற்றில், மூக்குக்கு இடப்பக்கம், பெருவிரல் அடங்கும் அளவில் ஒரு நெளிவு. 1995 ஒக்டோபர் கடைசியில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவில், சைக்கிள் கரியரில் கட்டிய சாக்குக்குள் இருந்து நாவற்குழிப் பக்கம் எங்கேயோ விழுந்ததாம். யாரோ பின்னால் வந்தவர் எடுத்துக் கொடுத்திருக்கிறார். எனக்கு அது 'பழுது' என்று பட்டது, கணினியில் திருத்திவிட்டேன். முடித்த படத்தை அம்மம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "புதுசு வாங்கினியோ? என்ன விலை?" என்று கேட்டார். அன்று இரவே திரும்ப இருந்து நெளித்தேன்.

செய்யும் முறை இது. முதலில் நெளியாத வடிவை முடித்து, ஸ்க்ரூ, சொலிடிஃபை போன்ற மொடிபயர்களை அப்ளை பண்ணுங்கள். பிறகு ஒரு ஷேப் கீ சேர்த்து, அதில் ஸ்கல்ப்ட் முறையின் கிராப் தூரிகையால் நெளிவை அமுக்குங்கள். ஷேப் கீயைச் சுழியத்தில் இருந்து ஒன்றுக்கு நகர்த்தினால் பேணி நெளியும், திருப்பினால் நிமிரும். ஷேப் கீ வைத்தபின் அந்த மொடிபயர்களை அப்ளை பண்ண விடாது, ஆகவே ஒழுங்கு மாறக்கூடாது. நெளிவின் ஆழத்தையும் அளங்கள். மேலே அடிமட்டத்தைக் குறுக்கே வைத்து, ஈர்க்கால் ஆழம் பாருங்கள். அது இல்லாமல் கண்மட்டத்தில் அமுக்கினால் எல்லோரும் மிகையாக அமுக்கிவிடுகிறார்கள்.

பித்தளை நிறம் குடுத்தாலும் மஞ்சள் பிளாஸ்டிக் மாதிரி இருக்கே?

மெட்டாலிக் (உலோகத்தன்மை) எண்ணை 1 ஆக்குங்கள், ரஃப்னஸை (சொரசொரப்பு) 0.3 பக்கம் வையுங்கள். அதன் பிறகும் செத்துப்போய்த் தெரிந்தால், சுற்றிவர ஒன்றும் இல்லாததுதான் காரணம். உலோகம் தன் நிறத்தைச் சுற்றியுள்ளதன் பிரதிபலிப்பில்தான் காட்டும். வெறும் சாம்பல் வெளியில் எதைப் பிரதிபலிப்பது? போலிஹேவன் தளத்தில் சுற்றுப்புற வெளிச்சத்தைப் பதிந்த எச்டிஆர்ஐ படம் ஒன்றை இலவசமாக எடுத்து வேர்ல்டில் போடுங்கள்.

அப்புறம் பேணியையே பாருங்கள். பழப்புளி போட்டு மினுக்கிய அடுத்தநாள் ஒரு நிறம், இரண்டு கிழமையில் இன்னொரு நிறம். புளியின் அமிலம் மேலே படிந்த கறுப்பைக் கரைக்கும், ஆனால் அடிவளையத்தின் சந்துக்குள்ளும் மூக்கின் கழுத்திலும் விரல் போகாததால் அங்கே கறுப்பு மிஞ்சும். கை பிடிக்கும் இடம் மட்டும் எப்போதும் பளபளப்பு. ரஃப்னஸை எல்லா இடமும் ஒன்றாக விடாமல், இந்த இடங்களில் மாற்றித் தீட்டுங்கள்.

இவ்வளவு கரைச்சல் ஏன்? போனால ஸ்கான் பண்ணிவிடலாமே?

பித்தளையில் முயன்று பாருங்கள், உருகிய மெழுகு மாதிரி ஏதோ வரும். ஸ்கான் செயலிகள் பல படங்களில் ஒரே புள்ளியைத் தேடிப் பொருத்துகின்றன. பளபளப்பான பொருளில் ஒளிப்புள்ளி நீங்கள் நகர நகரத் தானும் நகரும், செயலி ஏமாறும். அம்மி, துருவலையின் பலகை போன்ற மங்கலான பொருளுக்கு நன்றாக வரும். அதையும் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஒப்படையாக ஏற்கமாட்டோம். அடிவளையத்தை நான் கண்டது ஈர்க்கால் அளந்தபோதுதான் என்று மேலே சொன்னேனே, ஸ்கான் பண்ணியிருந்தால் அது எனக்கு இன்றும் தெரியாது.

நான் நீத்துப்பெட்டி எடுத்தனான். ஒவ்வொரு ஓலையையும் செய்ய வேணுமோ?

நீத்துப்பெட்டி, புட்டு அவிக்கும் கூம்பு வடிவ ஓலைப் பெட்டி. சுளகு, கடகம் எடுத்தவர்களுக்கும் இதே பதில். ஒரு சிறு சதுரப் பின்னலை மட்டும் உண்மையாகச் செய்யுங்கள். ஓலை ஒன்றின் அகலம், மேலே போய்க் கீழே வரும் ஒழுங்கு, ஓலைகளுக்கிடையே விடும் நீக்கல். அதை அரே மொடிபயரால் பெருக்கி, கூம்பு வடிவத்துக்கு வளைக்கலாம். கூம்பின் நுனியிலும் விளிம்பிலும் பின்னல் மாறும், அங்கே கையால்தான் செய்ய வேண்டும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் இழைத்து விற்பவர்களிடம் போய்ப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இழை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் மாதிரியைத் தொடங்கிய ஒருவர் மூன்று தடவை அழித்தார்.

நான் செய்ய நினைக்கிற சாமான் இப்ப எங்களிட்ட இல்லை. ஒரு பழைய படம்தான் இருக்கு.

இந்த ஊரில் இது அபூர்வமான கேள்வி இல்லை. படத்தில் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய 28 அங்குலச் சைக்கிள் ஒன்று நின்றால் அதன் சில்லு ஏறக்குறைய 71 செ.மீ., பொருளும் சைக்கிளும் கமெராவில் இருந்து ஒரே தூரத்தில் இருந்தால் மற்றதைக் கணக்கிடலாம். பொருள் கனடாவில் மாமி வீட்டில் இருக்கிறது என்றால், மேலே உள்ள நூல், ஈர்க்குப் பதிலை அப்படியே அனுப்பி அளக்கச் சொல்லுங்கள். ஈர்க்குக்குப் பதிலாகச் சாப்பாட்டுக் குச்சி போதும்.

ஒன்றுமே இல்லை, நினைவு மட்டும்தான் என்றால், அதைப் பிடித்த கையை அளங்கள். அம்மாவிடம் கேட்டால் விரலை விரித்துக் காட்டுவார், அந்த இடைவெளியை அடிமட்டத்தில் வையுங்கள். குறிப்பில் எந்த எண் அளந்தது, எது நினைவு என்று பிரித்து எழுதிவிடுங்கள். அதற்குப் புள்ளி குறையாது.

கரண்ட் போய் எல்லாம் அழிஞ்சு போச்சு. நாளைக்குக் குடுக்க வேணும்!

ஃபைல், ரிகவர், ஓட்டோ சேவ். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் சேமித்திருக்கும்.

3டி பிரிண்ட் எடுத்து அதில தேத்தண்ணி குடிக்கலாமோ?

பிரிண்ட் எடுக்கலாம், குடிக்கக் கூடாது. பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 பாகைக்குக் கிட்டவே இளகத் தொடங்கும், சுடுதேத்தண்ணி அதைவிடச் சூடு. அடுக்குகளுக்கு இடையில் அழுக்கும் சேரும். வழக்கமான 0.4 மி.மீ. முனைக்குச் சுவர் 1.2 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். மூக்கு 45 பாகைக்கு மேல் சாய்ந்து தொங்கினால் தாங்குகால் போட வேண்டும். பிரிண்டருக்கு அனுப்பும் எஸ்டிஎல் கோப்பில் அலகு இருக்காது, எண் மட்டும்தான் போகும். பிளெண்டர் உள்ளே மீற்றரில் வைத்திருப்பதால் 95 மி.மீ. 0.095 என்று போய்விடும், ஏற்றுமதி செய்யும்போது ஸ்கேலை 1000 ஆக்குங்கள். மில்லிமீற்றர் என்று பிரிண்ட் எடுப்பவரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன 95 மீற்றர்க் கதை மறுபக்கமாக நடக்கும்.

ஒரு பக்கக் குறிப்பில என்னத்தை எழுதுறது?

'அன்பின் அடையாளம்', 'பாரம்பரியப் பொக்கிஷம்' என்று தொடங்கினால் நான் இரண்டாவது வரிக்குப் போகமாட்டேன். யார் புழங்குகிறார்கள், எந்தக் கையால், எந்த நேரத்தில், எங்கே கழுவி எங்கே கவிழ்க்கிறார்கள், எங்கே தேய்ந்திருக்கிறது, ஏன் அங்கே. படலைக் கொளுக்கி செய்தவர் எழுதியது ஆறே வரி. அப்பா வேலையால் வந்து திறக்கும் சத்தம், அம்மா திறக்கும் சத்தம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். பிறகு கொளுக்கி மரத்தில் கீறிய அரைவட்டத்தின் ஆழம், 3 மி.மீ.

அக்கா, மாதிரி முடிஞ்சுது. "அதுதான் கொம்பியூட்டருக்குள்ள இருக்கே, பழசை இரும்புக்காரனிட்டக் குடுப்பம்" எண்டு அம்மா சொல்லுறா. குடுக்கட்டோ?

புள்ளி வரும்வரை குடுக்கவிடாதீர்கள். திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினால் எதை அளப்பீர்கள்? எனக்கு மூன்று தடவை திருப்பி வந்தது. மூன்றாம் தடவை நூலோடு குசினிக்குப் போனபோது, அம்மம்மா பேணியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, "இண்டைக்கு எவ்வளவு வருது எண்டு பாப்பம்" என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.